தாழ்ப்பாள் போடத் தெரிந்த தைராய்டு

என் அண்ணன் குக்கர் மூடியால் தன் மனைவியை அடித்து இடது காதுச் சவ்வைக் கிழித்த மறுநாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதற்குப் பிறகு நடந்த அசிங்கத்துக்கெல்லாம் வழி திறந்துவிட்டது என் வாய்தான். அதனால் முதலில் என்னைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைத் திட்ட வேண்டும்.

குன்னத்துகால் பக்கம் ஒரு சின்ன லேப் வைத்திருக்கிறேன். சர்க்கரை, கொழுப்பு, மூத்திரம், சளி எல்லாம் நானே பார்ப்பேன். தைராய்டு மாதிரியான சோதனைகளுக்கு ரத்தம் எடுத்து நெய்யாற்றின்கரைக்கு அனுப்பிவிடுவேன். சாயங்காலம் ரிப்போர்ட் போனில் வந்துவிடும். இத்தனை வருடம் ஊசியும் கையுமாக இருந்ததில், எதிரே நிற்கும் ஆள் மனிதனாகத் தெரிவதற்கு முன்னால் நோயாளியாகத் தெரிந்துவிடுகிறார். அன்றைக்கும் அப்படித்தான். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, "என் பிள்ளைக்கு என்ன பற்றிச்சுன்னு தெரியேல்லியே" என்று அழுதுகொண்டிருந்தாள். உள்ளே தலையில் கட்டோடு கிடந்தது மருமகள். அம்மா அழுதது மகனுக்காக. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் வாய் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது: "அண்ணன் நல்லா மெலிஞ்சு போச்சு. கை வெறைக்குது, எப்பளும் வேர்க்குது. தைராய்டு ஒண்ணு பாத்தா கொள்ளாம்."

அம்மாவின் அழுகை அந்த இடத்திலேயே நின்றது. "தைராய்டுன்னா கோவம் வருமா பிள்ளே?"

"வரலாம்" என்றேன்.

அந்த ஒரு சொல்லை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். பஸ் ஏறி வீடு போய்ச் சேர்வதற்குள் அது "வரும்" ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபை வாசலில் நிற்கும்போது "அதனாலயாக்கும் வந்தது" ஆகிவிட்டது.

தங்கை நான், அண்ணனை அவன் என்று எழுதுகிறேன். நேரில் இப்போதும் மரியாதையாகத்தான் பேசுகிறேன், வளர்ந்த வளர்ப்பு அப்படி. எழுத்திலாவது அதைக் கொடுக்காமல் இருக்கிறேனே என்று ஒரு சின்ன திருப்தி.

அண்ணன் மனைவியை நாங்கள் மைனி என்போம். மைனி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே போலீசுக்கு வாக்குமூலம் கொடுத்துவிட்டாள். வெளியே வந்ததும் பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு ஆரியங்கோட்டில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டாருக்கு இனி வேண்டியது ஒன்றுதான். மைனி கேசை வாபஸ் வாங்க வேண்டும், அதே வீட்டுக்கு, அதே அடுக்களைக்குத் திரும்பி வர வேண்டும். இந்த வேலையைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டவர் சித்தப்பா. சபைக் கமிட்டியில் இருப்பவர். எந்த வீட்டில் சண்டை என்றாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் போய் நிற்பவர்.

"ஆம்பிளையளுக்கு ஒரு ஹார்மோன் உண்டு மக்கா. அது கூடிப்போனா ஆளு தன்னையே மறந்து போவும். போன்ல ஒரு டாக்டர் பேசினத கேட்டேனாக்கும். நீ அதையும் சேத்து டெஸ்ட் பண்ணு" என்று என் லேப் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது, ஏதோ தன் வம்சத்துச் சொத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி. "தைராய்டு மட்டும் பாத்தா போதும்" என்றேன்.

அண்ணன் வந்து கையை நீட்டினான். ரத்தம் எடுத்து முடித்துப் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன், "எதுக்கு அடிச்சிய?"

"அவ என்னை எல்லாரும் முன்னால சின்னப்படுத்திட்டா. மூணு நாளு எனக்கு ஒறக்கமில்ல. அவ நல்லா ஒறங்கினா பாத்துக்க."

தான் அடித்ததைப் பற்றி அவன் சொன்னது அவ்வளவுதான். மீதி முழுக்கத் தன் தூக்கம் போன கதை.

ரிப்போர்ட் நார்மலாக வரவேண்டும் என்று அன்று நான் ஜெபித்தேன். வியாதி இருக்கக் கூடாது என்று இல்லை; அவனுக்குச் சாக்கு கிடைக்கக் கூடாது என்று. கடவுள் என் பக்கம் இல்லை. சாயங்காலம் போனில் வந்த ரிப்போர்ட்டில் தைராய்டு எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. அண்ணனுக்கு நிஜமாகவே வியாதி. ஒரு எண்ணை மாற்றி அடித்துக் கொடுக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். செய்யவில்லை.

அம்மா அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தாள். பிள்ளைக்கு வியாதி என்று தெரிந்ததும் இத்தனை சந்தோஷப்பட்ட தாயை நான் லேபில் பார்த்ததில்லை. அண்ணன் பக்கத்தில் நின்று, "பாத்தியா, அது நான் இல்லன்னு அப்பளே சொன்னேனே" என்றான். குரலில் ஒரு நிம்மதி. பரீட்சையில் பாஸானவன் குரல்.

மைனியைப் பார்க்க ஆரியங்கோட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள், முற்றத்தில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டின் நாற்றம். பேச ஆரம்பித்ததும் மைனி நாற்காலியைத் திருப்பிப் போட்டு வலது பக்கத்தை எனக்குக் காட்டி உட்கார்ந்தாள். இடது காதில் இரைச்சல் மட்டும்தான் கேட்கிறதாம். நான் கேட்காமலேயே நடந்ததைச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு புதுவீட்டுப் பிரதிஷ்டை. சாப்பாட்டுப் பந்தியில் அண்ணன், எங்கள் விளையில் நிற்கும் ரப்பர் முழுக்கத் தான் பதினெட்டு வயதில் நட்டது என்று பெருமை பேசியிருக்கிறான். மீன்கறி பரிமாறிக்கொண்டிருந்த மைனி, "அது மாமா வச்சதில்லியா" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். மாமா என்றது எங்கள் அப்பாவை. பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். திங்கட்கிழமை நன்றாகப் பேசினான். செவ்வாய்க்கிழமை சூரை மீன் வாங்கி வந்தான். புதன்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டான். திரும்பி வந்து முன்கதவைத் தாழ்ப்பாள் போட்டான். அடுக்களை வழியாகப் போய்ப் பின்கதவையும் தாழ்ப்பாள் போட்டான். கையிலிருந்த வாட்சைக் கழற்றி பிரிட்ஜ் மேல் வைத்தான். பிறகு காலி மிக்சியைப் போட்டு ஓடவிட்டான்.

"காலி ஜாராக்கும் பிள்ளே. உள்ள ஒண்ணும் இல்ல. கரிஞ்ச வாடை வந்துது. எனக்கு அப்பளும் வெளங்கேல்ல" என்றாள் மைனி. பக்கத்து வீட்டுக்காரி, இவள் இட்லிக்கு ஆட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டாளாம்.

அடியைவிட அந்த மிக்சிதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. கோபத்தில் கைநீட்டுவதை நியாயப்படுத்த நான் ஆளில்லை. ஆனால் அது கோபமே இல்லை. மூன்று நாள் காத்திருந்து, மீன் வாங்கிப் போட்டு, பிள்ளையை அனுப்பிவிட்டு, வாட்சில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்கிற ஹார்மோன் எதுவும் நான் படித்த புத்தகத்தில் இல்லை. பாறசாலையில் அவன் வேலை பார்க்கும் இரும்புக்கடை முதலாளி, சாமான் வாங்க வந்தவர்கள் முன்னால் தினமும் அவனை வாய்க்கு வந்தபடி பேசுவார். அங்கே அந்தத் தைராய்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் நகர்ந்து நிற்கும். வீட்டு கேட்டைத் திறந்த பிறகுதான் அதற்கு வீரம் வரும்.

லேப் போடுவதற்கு முன்னால் கொஞ்ச காலம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் தற்காலிக வேலை பார்த்தேன். அடிதடி, வெட்டுக்குத்து என்று பிடிபட்டவர்களைப் போலீஸ் பரிசோதனைக்குக் கூட்டி வரும். ஒருவன் தன் மாமியாரை வெட்டியவன். அவள் தடுத்ததில் அவன் முழங்கையில் நகக்கீறல். அது எரிகிறது, முதலில் இதற்கு மருந்து போடு என்று என்னிடம் சண்டை போட்டான். இன்னொருவன், "அவ சிரிச்சா சிஸ்டரே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான், நீதிமன்றமே அந்தச் சிரிப்பை விசாரிக்கப் போகிறது என்பதுபோல. ஒவ்வொருவனும் அவனவன் கதையில் அடி வாங்கியவன். அப்போதெல்லாம் இவர்கள் வேறு ஜாதி மனிதர்கள், எங்கிருந்தோ வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்து மீன் தலையைத் தேடித் தின்பவனும் அந்த ஜாதிதான் என்று தெரிய இத்தனை காலம் ஆனது.

மைனி கடைசியில் அம்மா வந்துபோனதைச் சொல்லிக் கேட்டாள். "மாமி வந்திருந்தாவ. அடுத்த சனிக்கிழமை வீட்டுல ஸ்தோத்திரக் கூட்டமாம், சும்மா வந்து இருந்தா போதும்னு சொன்னாவ. நீ லேப் காரியாக்கும், நீ சொல்லு. மருந்து குடிச்சா இவருக்கு மாறுமா?"

"படபடப்பு மாறும். கை வெறையல் மாறும். உடம்பு தேறும்" என்றேன்.

"மத்தது?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். எனக்குப் பதில் தெரியும். தெரிந்தும் சொல்லாததற்குக் காரணம் என் சொந்தக் கதை.

இருபத்திரண்டு வயதில் எனக்கும் இதே வியாதி வந்தது. அவனுக்கு வந்ததைவிட மோசம். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும், நெஞ்சு எந்நேரமும் அடித்துக்கொள்ளும், எதைச் சொன்னாலும் எரிந்து விழுவேன். ஒருநாள் அம்மாவிடம் குரலை உயர்த்திவிட்டேன். "பெட்டைக்கு இம்புடு கோவமா" என்று அம்மா கன்னத்தில் ஒன்று வைத்தாள். வியாதி என்று தெரிந்த பிறகும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. வெளியே தெரிந்தால் எவன் கட்டுவான் என்று மாத்திரையை விட்டமின் டப்பாவில் போட்டு வைக்கச் சொன்னாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், டயட்டில் இருக்கிறாள் என்றாள். இரண்டு வருடத்தில் குணமாகிவிட்டது. ஆனால் திரும்ப வரலாம் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை என் ரத்தத்தை நானே எடுத்து, வேறு ஒருத்தி பெயரைப் பதிந்து, நெய்யாற்றின்கரைக்கு அனுப்புவேன். கட்டிய மனுஷனுக்குக்கூடச் சொல்லவில்லை. அதே வியாதி மகளுக்கு வந்தபோது குடும்ப மானம். மகனுக்கு வந்தபோது கர்த்தரின் கிருபை. இதை எல்லாம் தெரிந்த நான் ஆரியங்கோட்டில் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அண்ணன்மேல் வந்த அருவருப்பில் ஒரு பங்கு என்மேலும் உண்டு.

ஸ்தோத்திரக் கூட்டம் என்பது எங்கள் சபைக்காரர்களுக்கு வழக்கமான காரியம். நோய் தீர்ந்தாலும் வேலை கிடைத்தாலும் வீட்டுக்கு ஆட்களைக் கூப்பிட்டு, கீர்த்தனை பாடி, சாட்சி சொல்லி, ஜெபித்து, சாயாவும் ஏத்தன்பழம் பொரித்ததும் கொடுப்பார்கள். வீட்டில் பிணக்கு இருந்தால் கடைசி ஜெபத்துக்கு முன்னால் இரண்டு பேரையும் எழுப்பிக் கைகோக்க வைப்பார்கள். எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்குகிறவர் மனிதரிடம் அல்ல, கடவுளிடம் வாக்குத் தவறியவர். ஸ்டேஷனில் கையெழுத்து வாங்குவதைவிட இது சுலபம். சித்தப்பா அதனால்தான் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை.

சனிக்கிழமை நான்கு மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. மைனி மகளோடு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். நானும் என் கணவரும் வாசல் பக்கம். பாட்டு முடிந்ததும் அண்ணன் எழுந்தான். வெள்ளைச் சட்டை, கையில் வாட்ச். "எனக்குள்ள இருந்த நோயைக் கர்த்தர் வெளிப்படுத்தித் தந்தார். அடிச்சது நான் அல்ல, அந்த நோயாக்கும். நான் மருந்து தொடங்கியாச்சு. என் வீட்டுக்காரியோட இருதயத்தையும் கர்த்தர் தொடணும்" என்று சொல்லி அழுதான். நிஜமான கண்ணீர்தான். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள், "ஸ்தோத்திரம்" என்று நாலு பக்கமிருந்தும் சத்தம் வந்தது. அவ்வளவு நேரம் பேசியவன் அவளிடம் மன்னிப்பு என்று ஒரு சொல் கேட்கவில்லை. கடவுள் அவளைத் திருத்த வேண்டும் என்றுதான் கேட்டான். அவன் நின்றது மைனிக்கு இடது பக்கம். அவளுக்குப் பாதி கேட்டிருக்காது. சித்தப்பா, "எழும்பி வா மக்கா, கையைக் குடு" என்று கூப்பிட்டதும் அவளுக்குக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்தவள் தோளில் இடித்துச் சொன்னாள். மைனி எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. அத்தனை பேர் நடுவில் அவள் கை அரை அடி உயர்ந்ததை நான் பார்த்தேன்.

"எனக்கும் ஒரு சாட்சி உண்டு" என்று எழுந்தேன்.

சாட்சி சொல்ல எழுந்தவரை எங்கள் ஜெபக்கூட்டத்தில் யாரும் உட்காரச் சொல்வதில்லை. அது பரிசுத்த ஆவியானவரைத் தடுப்பது. அம்மாவுக்கு மட்டும் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று விளங்கிவிட்டது. வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள்.

"இதே நோய் இருபத்திரண்டு வயசுல எனக்கு வந்துது. அண்ணனுக்கு உள்ளதைவிடக் கூடுதல். அம்மைக்கு அறியலாம், வேற ஆருக்கும் அறியாது. கோவம் வந்துது, கரச்சிலும் கண்ணீரும் வந்துது, நெஞ்சு அடிச்சுது. ஆனா நான் ஒரு ஆளையும் தொட்டதில்ல. மூணு நாளு காத்திருந்ததில்ல. ரெண்டு கதவையும் தாழ்ப்பாள் போட்டதில்ல, வாட்ச கழத்தி வச்சதில்ல, சத்தம் வெளிய கேக்காம இருக்க காலி மிக்சிய ஓட்டினதில்ல. அதெல்லாம் நோய் செய்யாது. ரிப்போர்ட் குடுத்த நான் சொல்லுகேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

பழக்கத்தில் இரண்டு பேர் "ஸ்தோத்திரம்" என்றார்கள். பிறகு விழித்துக்கொண்டார்கள். அண்ணன் தன் வாட்சை இன்னொரு கையால் மூடிக்கொண்டான். மிக்சி விஷயத்தை மைனி யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைத்திருப்பான் போல. என்னைப் பார்த்த பார்வையில் வெட்கம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. நான் அவனுக்குத் துரோகம் செய்துவிட்டேனாம்.

மைனி கையை இறக்கிவிட்டாள். "எனக்கு இதுக்கு ஆமென் சொல்ல வய்யா" என்றாள். மகளை எழுப்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். சாயா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. சித்தப்பா ஒரு குறுகிய ஜெபம் செய்து முடித்தார். பழம் பொரித்ததை எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

பைக்கில் பெருங்கடவிளை தாண்டியதும் என் கணவர் கேட்டார், "இப்ப மருந்து உண்டா?" "இல்ல, வருஷத்துக்கொரு தடவை டெஸ்ட் மட்டும்." "அடுத்த தடவை உன் பேருலயே அனுப்பு" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடம் எதற்குப் பயந்தேன் என்று நினைக்க எனக்கே கேவலமாக இருந்தது. அம்மா இரண்டு வாரம் கழித்து போன் செய்து, "உன் கல்யாணம் முடிஞ்சுது, இனி உனக்கு ஒண்ணும் இல்ல. அவன் வாழ்க்கைய கெடுத்தியே" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

மைனி திரும்பிப் போகவில்லை. கேஸ் நடக்கிறது. மகள் ஆரியங்கோட்டிலிருந்து பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறாள்.

போன மாதம் ஒரு காலையில் அண்ணன் லேபுக்கு வந்தான். வக்கீல், மருந்து குடித்ததில் குணமாகிவிட்டது என்று காட்ட ஒரு புது ரிப்போர்ட் கேட்டாராம். கோர்ட்டில் உதவுமாம். வேறு லேபே கிடைக்கவில்லையா என்று கேட்க வாய்வரை வந்தது. உடம்பு தேறியிருந்தான். கன்னத்தில் சதை வைத்திருந்தது. கையில் நடுக்கம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக்கையை மேலே ஏற்றினான். "அவ அங்க சும்மா இருக்கல்ல, தையல் படிக்கப் போறாளாம். நாலு ஆளு பாத்தா என்ன நெனப்பாவ" என்றான். மருந்து வேலை செய்திருக்கிறது. வேலை செய்ய வேண்டிய இடத்தில் மட்டும் செய்திருக்கிறது.

நரம்பு தெரியக் கட்டு போட்டு முழங்கையை ஸ்பிரிட்டால் துடைத்தேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"மெதுவா எடு மக்கா. எனக்கு நோவு தாங்காது."

தட்டில் பெரிய ஊசியும் கிடந்தது, சின்ன ஊசியும் கிடந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. என் கை பெரிய ஊசியை நோக்கித்தான் போனது, தொட்டும்விட்டது. அதை விட்டுவிட்டு, சின்னதை எடுத்தேன்.

அவனுக்கு நோகவே இல்லை.